கீழ் ஓரத்துத் தேதி

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற தெருவில் நாற்பத்தாறு வீடுகள். ஒவ்வொரு கதவிலும் இப்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கிறது. வில்லையில் ஓர் எண், எண்ணைச் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு. அந்தக் கோட்டை வரைந்தவளின் தங்கை வீடு வரிசையில் பத்தொன்பதாவது. அந்த வீடு நிற்குமா போகுமா என்பது இன்னும் ஒன்பது நாளில் வரும் விசாரணையில் தெரியும். அதற்குள் கோடு வரைந்தவளைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். அலுவலகத்தில் அவளைப் பற்றி இப்போது பேசுகிற பேச்சு காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை. சரி, நானே எழுதுகிறேன். இருபத்தொரு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

அலுவலகத்தில் அவள் பெயர் ஸ்கேலக்கா. கையில் எப்போதும் முப்பது சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல் இருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் திரைமேல் அதை வைத்துத்தான் அளப்பாள். திரையில் கீறல் விழுகிறது என்று மேலாளர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார், காதில் போட்டுக்கொண்டதே இல்லை. முதுகு அரித்தாலும் அந்த ஸ்கேல்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவள் என்பதால் நான் வெறுமனே 'ஸ்கேல்' என்பேன். என் வேலை மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துவது. அதனால் எனக்குப் 'பிழை' என்று பெயர். "பிழை இன்னும் வரலையா?" "பிழைக்கு இன்னைக்கு லீவு." இந்த நகைச்சுவையை இருபத்தொரு வருடமாகக் கேட்கிறேன். சொல்கிறவர்களுக்கு இன்னும் அலுத்தபாடில்லை.

நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் அச்சுப் பிரிவு. சுவரில் ஒட்டும் நோட்டீஸ், நிரப்பித் தரச் சொல்லும் படிவம், குப்பை போடாதே என்கிற பலகை, எல்லாமே எங்கள் இரண்டு மேசையையும் தாண்டித்தான் ஊருக்குள் போகும். தாளில் எது எங்கே உட்கார வேண்டும் என்று வடிவமைப்பது அவள். எழுத்து சரியா என்று பார்ப்பது நான்.

இந்த இடத்தில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் ஒரு நோட்டீஸை முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். நேராகப் பார்த்தால் கண் எழுத்தைப் படிக்கப் போய்விடும், இடைவெளி தெரியாது. நானோ கடைசி வார்த்தையில் ஆரம்பித்து முதல் வார்த்தைக்கு வருவேன். நேராகப் படித்தால் பொருள் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும், ஓட்டத்தில் பிழை தப்பிவிடும். இரண்டுமே நல்ல பழக்கம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தால்தான் பெயர் எடுத்தோம். எங்கள் பிரிவிலிருந்து போன தாளில் ஒரு கோணல் வரியோ ஓர் எழுத்துப் பிழையோ இருந்ததில்லை. என்ன சேதி போயிற்று என்று கேட்டால் மட்டும் இருவருக்கும் தெரியாது. அதைப் படிக்கிற வேலை மேலே இருக்கிறவர்களுடையது என்று இருந்துவிட்டோம்.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளர் ஒரு வேலை கொண்டுவந்தார். நாலு தாள், ஒரே வரிசை, ஒரே வண்ணம், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். தெருப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பின்னால் நிரப்பிக்கொள்வார்களாம். ஸ்கேலுக்கு இந்த மாதிரி வேலை என்றால் உயிர். நாலுக்கும் ஒரே கட்டம் போட்டாள், ஓரத்தில் ஒரு பச்சை இலை வரைந்தாள். இரண்டாவது தாள் ஒரு வட்ட வில்லை, அதன் கூடவே ஒரு சின்ன அறிவிப்பு. முதல் தாளோடு ஒரு படிவம் இருந்தது. படிவத்தின் அடியில் ஒரு நீளமான பத்தி. "இது பார்க்கவே முகத்தில் அடிக்குதுக்கா, யாரும் படிவத்தைத் தொடக்கூட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பத்தியைப் பின்பக்கத்துக்குத் தள்ளினாள். எழுத்தைச் சின்னதாக்கி வெளிர் சாம்பல் நிறம் கொடுத்தாள். அந்தப் பத்தியில் 'கையொப்பமிடுவது' என்ற சொல்லுக்குப் பிறகு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. நான் வைத்தேன். நாலு தாளின் மூலையிலும் வழக்கம்போல இருவரும் சுருக்கொப்பம் போட்டோம், தேதியும் நேரமும் எழுதினோம். மேலாளர் வந்து பார்த்து, "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்றார்.

அதே சமயத்தில்தான் அவள் படிக்கவும் போய்க்கொண்டிருந்தாள். சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது என்று புது விதி வந்திருந்தது. நாற்பத்தேழு வயதில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு சனிக்கிழமை காலையில் கல்லூரி வகுப்பில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். நோட்டீஸ், விளம்பரம், பெயர்ப்பலகை போன்றவை எப்படித் தோன்றின, எந்தக் காலத்தில் யாருக்காகச் செய்தார்கள் என்கிற வரலாற்றுப் படிப்பு அது. ஆசிரியைக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முதல் நாள் ஒரு பஸ் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "இதை யார் செஞ்சாங்க, யார் செய்யச் சொன்னாங்க, இதைப் படிச்சவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாளாம்.

"டிக்கெட்டைப் படிச்சவன் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பான், வேற என்ன ஆகும்?" என்றேன் நான்.

"நானும் அப்படித்தான்க்கா நினைச்சேன். ஆனா அந்த மூணாவது கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துட்டுப் போகமாட்டேங்குது."

இதற்கிடையில் முதல் நோட்டீஸ் வெளியே போனது. போன இடம் அவள் தங்கை தெரு. தங்கை வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். அம்மா அப்பா போன பிறகு அக்காவும் தங்கையும் சேர்ந்து கட்டிய வீடு அது. ஸ்கேல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குப் பக்கம் என்று ஒரு வாடகை அறையில் இருந்தாள். ஓய்வு பெற்றதும் தங்கை வீட்டு மாடி அறைக்குப் போவதாக ஏற்பாடு. ஜன்னலுக்கு என்ன நிறத் திரை என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது. 'உங்கள் தெரு, உங்கள் கருத்து' என்ற தலைப்பைப் பார்த்ததும் தங்கை போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அக்கா, இது உன் இலைதானே? பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. கண்ணாடி பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்கேன்." ஸ்கேலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தேர்வில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது.

கல்லூரியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய பொது அறிவிப்பு ஒன்றை எடுத்து அந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். எங்கேயோ தேடுவானேன் என்று எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலுள்ள ஆவண அறைக்கே போனாள். பாதி வேலை நேரத்தில் போனவள் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வந்தாள். கையெல்லாம் தூசு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம் முன்னாடியும் இதே தலைப்புதான்க்கா. உங்கள் தெரு, உங்கள் கருத்து."

"புதுசா யோசிக்கத் தெரியாதவங்கதானே மேல இருக்காங்க."

"சிரிக்காதீங்க. நாலு நோட்டீஸ் ஒரே கட்டுல இருந்துச்சு. முதல்ல கருத்து கேக்குறாங்க. அப்புறம் கதவுல வில்லை. அப்புறம் தற்காலிகமா இடம் மாறுங்கன்னு ஒண்ணு. கடைசியா நன்றி. நாலுக்கும் நடுவுல பதினொரு மாசம். சுவத்துல ஒட்டின தேதியைப் பின்பக்கம் பென்சில்ல எழுதி வெச்சிருக்காங்க."

"சரி, அதுக்கென்ன?"

"பழக்க தோஷத்துல தாளைத் தலைகீழா பிடிச்சேன். கீழ் ஓரம் மேல வந்துச்சு."

அச்சான தாள் எதுவானாலும் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் மூன்று விவரம் இருக்கும். வேலை எண், எத்தனை பிரதி, அச்சான தேதி. வெளியாட்கள் யாரும் பார்க்கமாட்டார்கள். நாங்களும் பார்ப்பதில்லை.

"நாலுலயும் ஒரே தேதிக்கா. கருத்து கேட்ட நோட்டீஸ் அடிச்ச அன்னைக்கே நன்றி நோட்டீஸும் அடிச்சிட்டாங்க."

அந்தத் தெரு எங்கே என்று ஆவண அறைக்காரரிடம் கேட்டாளாம். அவர் தலையைத் தூக்காமலே, "நீங்க தினமும் பஸ் விட்டு இறங்குற இடம்தான்மா" என்றாராம். அந்த பஸ் நிலையத்தில்தான் நானும் தினமும் இறங்குகிறேன். அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை.

பிறகு ஸ்கேல் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நம்ம இலை போட்ட நோட்டீஸ், அந்த நாலாவது. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"ரெண்டு பிழை இருந்துச்சு. திருத்திட்டேன்."

"பிழையைக் கேக்கலக்கா. சேதி என்ன?"

இரண்டு பிழையும் எந்த வரியில், எந்தச் சொல்லில் என்று இன்றைக்கும் சொல்வேன். சேதி தெரியாது. நாலு தாள் என் கை வழியாகப் போயிருக்கிறது, ஒரு சேதியும் தெரியாது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

மெய்ப்புத் தாள்கள் எங்கள் அலமாரியிலேயே இருந்தன. எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினோம். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, மற்ற மனிதர்கள் படிப்பதுபோல, முதல் தடவையாகப் படித்தோம். மூன்றாவது தாளில், எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் அளித்த தெருவாசிகள் முப்பது நாளுக்குள் காலி செய்யவும் என்று இருந்தது. நாலாவதில், வாகன நிறுத்தம் அமைய மனமுவந்து இடம் விட்ட குடும்பங்களுக்கு நன்றி என்று இருந்தது. பக்கத்தில் அவளுடைய பச்சை இலை.

"சம்மதம் எங்க கேட்டாங்க?" என்றேன்.

அவள் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்துச் சாம்பல் நிறப் பத்தியில் ஸ்கேலின் முனையை வைத்தாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியும். அந்த ஓநாய்க்குக் கண்ணீர் வரைந்து கொடுத்தவர்கள் நாங்கள் என்பதுதான் தெரியாது.

தங்கைக்குப் போன் செய்தோம், எடுக்கவில்லை. படிவத்தை வாங்கிக்கொள்ள மறுநாள் வருவதாக நோட்டீஸில் போட்டிருந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். அவள் ஸ்கேலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் சென்டிமீட்டர் கோடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா, முகமெல்லாம் சிரிப்பு. "நானே போன் பண்ணணும்னு இருந்தேன்க்கா. எங்க தெருதான் முதல்ல முடிச்சிருக்கு. நாப்பத்தாறு வீட்டுலயும் கையெழுத்து வாங்கிட்டேன். இன்னைக்குக் காலையிலயே வந்து மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"நாளைக்குத்தானே வரணும்?" என்று ஸ்கேல் கேட்டாள்.

"நாங்க சீக்கிரம் முடிச்சிட்டோம்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

ஸ்கேல் தையல் மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் எங்களைப் பார்த்துத் தெருவைத் தாண்டி வந்தார். நாள் முழுக்கப் பூட்டும் சாவியும் பார்க்கிற மனிதர். யாரையும் லேசில் நம்பமாட்டார். "நான் போடமாட்டேன்னுதான்மா சொன்னேன். சும்மா கருத்து கேக்கிறதுக்கு இவ்வளவு அழகா யாரும் நோட்டீஸ் அடிக்கமாட்டான்னு சொன்னேன். உங்க தங்கச்சி விடல."

தங்கை பெருமையாகச் சொன்னாள். "எங்க அக்கா கையால செஞ்சது, இதுல என்ன தப்பு இருக்கும்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் போட்டாரு."

மிச்சமிருந்த ஒரு படிவம் துணிக்கட்டின் மேல் கிடந்தது. ஸ்கேல் அதை எடுத்துத் திருப்பினாள். எழுத்து அவ்வளவு சின்னது, அவளுக்கே தெரியவில்லை. தங்கை நுண்தையலுக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஐந்தாறு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஸ்கேல் சத்தமாகப் படித்தாள். "இப்படிவத்தில் கையொப்பமிடுவது, இணைப்பில் உள்ள திட்டத்துக்கும் அதன் பொருட்டு ஏற்படும் இடமாற்றத்துக்கும் வீட்டு உரிமையாளர் அளித்த எழுத்துப்பூர்வமான சம்மதமாகக் கொள்ளப்படும்."

காற்புள்ளி வந்த இடத்தில் அவள் சரியாக நிறுத்திப் படித்தாள்.

"இடமாற்றம்னா?" என்றாள் தங்கை. எங்கள் முகத்தைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள், சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

பூட்டுக்காரர் படிவத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இதை இவ்வளவு பொடியா, இந்த நிறத்துல போட்டது யாரும்மா?"

"நான்தான்" என்றாள் ஸ்கேல்.

காற்புள்ளி வைத்தது நான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தேன், அவ்வளவுதான். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. சீ என்று இருக்கிறது இதை எழுதும்போது.

அடுத்த வாரமே வில்லைகள் வந்துவிட்டன. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுபோலத் தெருக்காரர்கள் வழக்கறிஞரிடம் ஓடினார்கள். "கையெழுத்துப் போட்டாச்சே, என்ன செய்யறது" என்று அவர் முதலில் கையை விரித்தாராம். ஸ்கேல் எழுதிய கல்லூரிக் கட்டுரையைத் தங்கை கொண்டுபோய்க் கொடுத்தாள். படித்துவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கருத்து கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்று காட்டினால் அந்தச் சம்மதம் செல்லாது, இந்தத் தெருவுக்கான நாலு தாளும் ஒரே நாளில் தயாரானதற்கு அத்தாட்சி வேண்டும் என்றாராம். மறுநாள் ஸ்கேல் அலமாரியிலிருந்த நாலு மெய்ப்புத் தாளையும் பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஸ்கேலை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலமே அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். தெருக்காரர்கள் போட்ட வழக்கில், தாளில் இருக்கிற தேதி அவள் பின்னால் போட்டது, தங்கைக்காக மோசடி செய்துவிட்டாள் என்று அலுவலகம் பதில் மனு போட்டது. அந்தத் தாள்களில் இன்னொரு சுருக்கொப்பமும் இருக்கிறது. அது என்னுடையது.

இன்று காலை மேலாளர் கூப்பிட்டார். தாள்களின் நகல் அவர் மேசையில் இருந்தது. உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். இருபத்தொரு வருடத்தில் எனக்காக அவர் மின்விசிறியைக் கூட்டியது இதுதான் முதல் தடவை.

"இது உங்க சுருக்கொப்பம் மாதிரி இருக்கு மேடம். மாதிரிதான். யார் வேணும்னாலும் போடலாம், இல்லையா?"

"சார்?"

"உங்களுக்கும் வயசாகுது. தினம் எத்தனை தாள் பார்க்கறீங்க. அஞ்சு மாசம் முன்னாடி எதை என்னைக்குப் பார்த்தோம்னு ஞாபகம் இருக்காது. இல்லைன்னு சொன்னா யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. அவசரம் இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். மாடி அறை ஜன்னலுக்கு அவர்கள் முடிவு செய்திருந்த திரை மஞ்சள் நிறம். பயமாகத்தான் இருந்தது.

"அது என்னுதுதான் சார். நாலும் ஒரே நாள், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலரைக்குள்ள முடிச்சோம். கண்ணுல ஒத்திக்கலாம்னு நீங்ககூடச் சொன்னீங்க. விசாரணையிலயும் இதையேதான் சொல்வேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். ஊருக்கு வெளியே இருக்கும் குழாய்க் கிடங்குக்கு என்னை மாற்றியிருக்கும் உத்தரவு. அங்கே குழாயைத் தவிர வேறெதுவும் கிடையாது, திருத்துவதற்கு ஒரு தாள்கூட வராது. உத்தரவின் மேல்பக்கம் இன்றைய தேதி இருந்தது.

நான் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். மேலாளர் என்னை விநோதமாகப் பார்த்தார். கீழ் ஓரத்தில், பொடி எழுத்தில், போன வெள்ளிக்கிழமைத் தேதி. என்னை யோசிக்கச் சொன்னது இன்றைக்கு. என் பதிலை அவர்கள் அச்சடித்து வைத்தது நாலு நாளைக்கு முன்பு.

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, தாளை நேராகத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்து, முதல் வார்த்தையிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.